இடது காலைக் கேட்காமல் போட்ட கியர்பொக்ஸ்

என்னைப் பேச அழைத்தவர்கள், வேலையில் நான் பெற்ற வெற்றிகளைச் சொல்லச் சொன்னார்கள். ஒழுங்காக வேலை செய்கிற கியர்பொக்ஸைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. அது சத்தம் போடாது, காரின் சொந்தக்காரரும் திரும்பி வரமாட்டார். ஆகவே நான் பிழைவிட்ட கதையைச் சொல்கிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரும் தங்கச்சிமாரும் சிரிப்பு வந்தால் சிரியுங்கள். நான் சிரிக்கமாட்டேன். என் முகம் அப்படி.

ஸ்காபரோவை ஒட்டிய மில்லிக்கனில், ஸ்ரீல்ஸ் வீதிக்குக் கிட்ட, ஒரு பிளாசாக் கடைத்தொகுதியின் பின்பக்கம் என் கராஜ் இருந்தது. முப்பது வருடமாகக் கியர்பொக்ஸ் மட்டும்தான் பார்த்தேன். பிரேக் கிறீச்சிடுகிறது என்று வந்தவர்களைக்கூட வேறு கராஜுக்கு அனுப்பிவிடுவேன். பல்வலிக்குக் கண் டொக்டரிடம் போவீர்களா என்று கேட்பேன். எனக்குக் கொஞ்சம் திமிர் என்பது உங்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும்.

கராஜை மூடுவதற்கு இரண்டு வருடம் முந்தி, பனி கரைந்து முடிந்த ஒரு வசந்தத்தில், சிவபாலன் என்பவர் ஒரு பழைய காரை இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஸ்ரௌவ்வில்லில் வீடு. ஒரு பெரிய களஞ்சியத்தில் மேற்பார்வையாளர் வேலை. வயது ஐம்பத்தெட்டு. கார் அவரைவிட ஐந்தாறு வயது இளையது. இரண்டே கதவு, நீண்ட மூக்கு, எட்டு சிலிண்டர் எஞ்சின், கடும் பச்சை நிறம். பொடியள் 'மஸில் கார்' என்று வாயூறச் சொல்கிற சாதி. அதன் ஓட்டோமற்றிக் கியர்பொக்ஸ் செத்துப்போயிருந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, காலால் கிளச்சை மிதித்துக் கையால் கியர் மாற்றுகிற மனுவல் கியர்பொக்ஸ் போடவேண்டும் என்றார்.

"எந்த மாதிரிக் கியர்பொக்ஸ் யோசிக்கிறியள்?"

"நீங்களே பாத்துச் செய்யுங்கோ அண்ணை. உங்களுக்குத் தெரியாததே?"

இந்த வசனத்தை நன்றாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தமிழ்ச் சனத்திடமிருந்து இதை நீங்கள் கிழமைக்கு நாலு முறை கேட்பீர்கள். கேட்க இனிமையாக இருக்கும். நெஞ்சு ஒரு அங்குலம் அகலும். மற்றச் சமூகத்துக்காரர் இணையத்தில் பார்த்ததை அச்சடித்துக்கொண்டு வந்து எங்களோடு மல்லுக்கட்டுவார்கள். அது எரிச்சல், ஆனால் பாதுகாப்பு. எங்கள் ஆட்கள் எல்லாவற்றையும் எங்கள் தலையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அப்படிச் சொல்கிறவரைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்து இன்னும் பத்துக் கேள்வி கேட்கவேண்டும். நான் கேட்கவில்லை. ஏனென்றால் என் கராஜின் சுவர்த் தட்டில் ஒரு கியர்பொக்ஸ் இருந்தது.

நாலு கியர் பெட்டி. பந்தயக் கார்களுக்காகச் செய்தது. முதலாம் கியரே வேகத்துக்கு வைத்தது. கியருக்கும் கியருக்கும் இடையே வேக வித்தியாசம் குறைவு. அதைப் பதினொரு வருடத்துக்கு முன் வாங்கி, பிரித்துப் பூட்டி, எண்ணெய் பூசித் துணியால் மூடி வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமைகளில் துணியை எடுத்துப் பார்ப்பேன். சிலர் வீட்டில் இப்படிச் சாமி வைத்திருப்பார்கள். அதற்கேற்ற எஞ்சின் வராதா என்று பதினொரு வருடம் காத்திருந்தேன். இதோ, வந்துவிட்டது.

ஒரு கியர்பொக்ஸைத் தெரிவு செய்யும்போது எஞ்சினின் இழுவையைப் பார்க்கவேண்டும், பின் அச்சின் பல்லைப் பார்க்கவேண்டும், எந்த ரோட்டில் ஓடப்போகிறது என்று கேட்கவேண்டும். இதெல்லாம் உங்களுக்குப் படிப்பித்திருப்பார்கள். நான் எஞ்சினை மட்டும் பார்த்தேன். பின் அச்சு ஓட்டோமற்றிக்குக்கென்று வைத்தது. அந்தப் பெட்டியை அந்த அச்சோடு சேர்த்தால் காரை நின்ற இடத்திலிருந்து அசைக்கவே கிளச்சோடு மல்லுக்கட்டவேண்டும். எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே, "ஓடிப் பழகினால் சரிவரும்" என்று எனக்கு நானே சொன்னேன். எஞ்சின் பெலமானது என்று கிளச்சையும் இரும்பு மாதிரிப் போட்டேன். அதை மிதிக்க என் காலே நடுங்கியது. பெருமையாக இருந்தது.

இன்னொன்றும் கேட்காமல் விட்டேன். சிவபாலன் ஒரு பக்கம் சாய்ந்து நடந்தார். பெரிதாக இல்லை, கல் மண்ணில் நடக்கும்போது மட்டும் தெரியும். நான் கண்டேன். கண்டும் வாய் திறக்கவில்லை. எங்களுக்குள்ளே அது ஒரு எழுதாத சட்டம். ஊரில் போரைக் கண்டு வந்த எங்கள் வயதுக்காரர் ஒருவர் நொண்டினால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம். ஸ்காபரோவில் கலியாணவீடுகளில் சம்பளத்தைக் கேட்பார்கள், வீட்டு விலையைக் கேட்பார்கள், மகளுக்கு ஏன் இன்னும் ஒன்றும் சரிவரவில்லை என்று கேட்பார்கள். காலைக் கேட்கமாட்டார்கள். மரியாதை என்று நானும் பேசாமல் இருந்தேன். ஒரு கிளச் பூட்டுகிறவன் காலைப் பற்றிக் கேட்காமல் விட்டதற்கு மரியாதை என்று பேர் வைத்த விசரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வேலை முடிந்தது. எடுத்து ஓடிப் பாருங்கள் என்றேன். அவர் மறுத்துவிட்டார்.

"பூசை செய்யாமல் நான் ஸ்ரியறிங்கில கை வைக்கமாட்டன் அண்ணை. நீங்களே கோயிலுக்குக் கொண்டு வாங்கோ. பிள்ளையாருக்கு முன்னாலதான் முதல் ஓட்டம்."

நானும் ஓம் என்று தலையாட்டினேன். புதுப் பெட்டி, புதுக் கிளச், முப்பது வருடமாக ஓட்டோமற்றிக் ஓடிய மனிதர். முதல் ஓட்டம், சனம் நிறைந்த கோயில் முற்றத்தில். இப்போது சொல்லும்போதே எனக்கு வியர்க்கிறது. பிள்ளையாருக்கு முன்னால் ஓடுவதற்கு முதல் எனக்கு முன்னால் ஓடிக் காட்டுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஞாயிறு காலை. கோயில் கார்த்தரிப்பிடம் நிரம்பியிருந்தது. ஐயர் காருக்குச் சந்தனப் பொட்டு வைத்து, மாலை போட்டு, நாலு சில்லுக்கும் கீழே நாலு எலுமிச்சம்பழம் வைத்தார். கார் மெல்ல முன்னுக்கு உருண்டு பழங்களை நசிக்கவேண்டும். அதுதான் வழக்கம். ஓட்டோமற்றிக் காரில் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் போதும், அதுவாக நசிக்கும். மனுவலில், அதுவும் நான் போட்ட பெட்டியில், ஒரு எலுமிச்சம்பழத் தூரம் காரை நகர்த்துவது பந்தயக்காரருக்கே தண்ணி காட்டும் வேலை.

முதல் தரம் எஞ்சின் நின்றது. இரண்டாம் தரமும் நின்றது. சிவபாலனின் மனைவி மாலா தட்டோடு பக்கத்தில் நின்றார். சனம் தொலைபேசியைத் தூக்கிப் படம் பிடித்தது. "காஸ் குடுங்கோ, காஸ் குடுங்கோ" என்று கார் ஓடத் தெரியாத ஒருவர் சத்தம் போட்டார். மூன்றாம் தரம் சிவபாலன் காஸ் பெடலை அழுத்தினார். கிளச் பட்டென்று விடுபட்டது. கார் ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. ஐயர் அதைவிடப் பெரிய பாய்ச்சல் பாய்ந்தார். அவருக்கு எழுபது வயது என்று யாரும் சொல்லமாட்டார்கள். கர்ப்பூரத் தட்டு ஒரு பக்கம், தேங்காய் ஒரு பக்கம். கார் குப்பைத் தொட்டியை முட்டி நின்றது. ஐயர் நின்ற இடத்தில் இப்போது காரின் மூக்கு இருந்தது.

முருகா! ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. இல்லையென்று உறுதியானதும் எனக்கு வந்தது கோபம். என் கியர்பொக்ஸை இப்படி ஓடுகிறாரே என்ற கோபம். அவரை ஏசுகிற நோக்கத்தோடுதான் யன்னலடிக்குப் போனேன்.

சிவபாலனின் இடது கை முழங்காலை இறுகப் பிடித்திருந்தது. கீழே பார்த்தேன். இடது சப்பாத்தின் நுனி கதவுப் பக்கமாக, முற்றாகத் திரும்பியிருந்தது. எந்தக் கணுக்காலும் அப்படித் திரும்பாது.

"அண்ணை," என்றார் மெல்லிய குரலில், "கொஞ்சம் மறைச்சுக்கொண்டு நில்லுங்கோ."

யன்னலை மறைத்துக்கொண்டு நின்றேன். என் உடம்பு அதற்கு மட்டுமாவது உதவியது. அவர் குனிந்து காலைத் திருப்பிச் சரிசெய்கிற சத்தம் கேட்டது. பிறகு பக்கத்து ஆசனத்துக்கு நகர்ந்தார்.

"நீங்கள் எடுங்கோ. சனத்துக்கு என்னவாவது சொல்லுங்கோ."

சனம் என் முகத்தைப் பார்த்தது. கார் ஓடத் தெரியாதவர் தலைமையில் ஒரு விசாரணைக் குழு ஏற்கெனவே கூடிவிட்டது. அந்த இடத்தில் எனக்கு யோசிக்க மூன்று விநாடிதான் இருந்தது. அவருக்குக் கார் ஓடத் தெரியாது என்று சொல்லலாம். அல்லது உண்மையைச் சொல்லலாம். அது அவருடைய உண்மை, என்னுடையது இல்லை. நான் கையை உயர்த்தி, "கியர்பொக்ஸ் பிழை. நான் பூட்டினது. அவரில பிழையில்லை" என்றேன். முப்பது வருடப் பெயர். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கிழக்கே ரூஜிலிருந்து மேற்கே பிரம்ரன் வரை அதை எல்லோரும் அறிந்துவிட்டார்கள். சொன்ன பிறகுதான், நான் சொன்னது பொய்யே இல்லை என்பது எனக்கு உறைத்தது.

ஐயரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் காரை ஓட்டிக்கொண்டு வந்தேன். மாலா தங்கள் வான் வண்டியில் பின்னால் வந்தார். வழியில் சிவபாலன் தானாகவே சொன்னார்.

"முழங்காலுக்குக் கீழ இல்லை அண்ணை. தொண்ணூறுகளில போனது. லொறி ஓடினனான். டயர் பாக்க இறங்கினன், மிதிவெடி. லொறிக்கு ஒண்டும் நடக்கேல்லை. நான் இறங்கினதுதான் பிழை."

"ஏன் என்னட்டை முதலே சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா மனுவல் போட்டிருப்பியளே?"

போட்டிருக்கமாட்டேன். அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

இப்போது நான் விட்ட இரண்டாவது பிழைக்கு வருகிறேன். இது முதலாவதைவிட மோசமானது; ஏனென்றால் நல்ல மனதோடு விட்ட பிழை. கராஜுக்கு வந்ததும், "நான் என்ர செலவில நல்ல ஓட்டோமற்றிக் ஒண்டு போட்டுத் தாறன்" என்றேன். என் குரலை நானே கேட்டேன். நோயாளியைப் பார்க்க ஆசுப்பத்திரிக்குத் தோடம்பழம் கொண்டு போகிறவனின் குரல்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "கால் போன நாளில இருந்து எனக்கு எல்லாரும் ஓட்டோமற்றிக்தான் தந்தவை. கார் மட்டுமில்லை, எல்லாத்திலயும். இருங்கோ, நாங்கள் தூக்கிறம். நில்லுங்கோ, நாங்கள் போறம். முப்பது வருசம்! நான் உங்களிட்ட இரக்கம் கேட்டு வரேல்லை அண்ணை. கியர்பொக்ஸ் கேட்டு வந்தனான்."

பிறகு குரல் தணிந்தது. "பரவாயில்லை. காரை விப்பம். மாலாவும் அதைத்தான் சொல்லுறா. மார்க்கம் ரவுணில ஒருத்தர் முந்தியே கேட்டவர்."

அன்றிரவே மாலா என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். "அண்ணை, மனம் மாறாமல் உந்தக் காரை வித்துப்போடச் சொல்லுங்கோ. கார் எனக்குப் பிரச்சினையில்லை. வீட்டை வந்ததில இருந்து, வாங்கிறவரோட போனில கதைச்சதைத் தவிர, மனுசன் ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. காலைக் கழட்டி மூலையில வைச்சிட்டுச் சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறார்." வாங்குகிறவர் இரண்டு கிழமை கழித்து, சனிக்கிழமை மூன்று மணிக்கு வீட்டுக்கு வருவாராம்.

எனக்கு நித்திரை வரவில்லை. வெட்கமாக இருந்தது. அவரால் கிளச் மிதிக்க முடியாது என்று யார் சொன்னது? ஒருவரும் அளக்கவில்லை. அவருடைய காலுக்கு முடியாதது, என் திமிருக்குப் பூட்டிய அந்த இரும்புக் கிளச் மட்டும்தான்.

அடுத்த நாள் வீட்டிலிருந்து குளியலறைத் தராசைத் தூக்கிக்கொண்டு கராஜுக்குப் போனேன். என் மனைவி, "எவ்வளவு கூடியிருக்கெண்டு வேலைக்குக் கொண்டுபோய்த்தான் பாக்கவேணுமோ?" என்று கேட்டாள். சிவபாலனை வரச்சொல்லி, அவருடைய கார் ஆசனத்தின் உயரத்தில் ஒரு கதிரையைப் போட்டு, தராசைச் சுவரில் சாய்த்துப் பிடித்தேன்.

"மிதியுங்கோ. சிவப்பு லைற் பச்சையாகும் வரைக்கும் மிதிச்சுக்கொண்டு இருக்கவேணும்."

முதலில் என்னை முறைத்தார். பிறகு மிதித்தார். முள் நாற்பத்தைந்து இறாத்தலுக்குப் போனது; பிடித்துக்கொண்டிருக்கும்போது முப்பத்தைந்தில் நின்றது. அதே தராசைக் காரின் கிளச் பெடலில் வைத்து அழுத்தினேன். அறுபதைத் தாண்டியது.

"அப்ப என்ர கால் பிழையில்லை," என்றார்.

"உங்கட காலுக்கு என்ன குறை? அறிவு குறைஞ்சது எனக்கு."

அதன் பிறகுதான் நான் ஒழுங்காக ஒரு கியர்பொக்ஸைத் தெரிவு செய்தேன். கேட்கவேண்டிய கேள்விகளை எல்லாம் கேட்டேன். எங்கே ஓடப்போகிறீர்கள்? வடக்கே, நேரான ரோட்டில். சந்தி விளக்குகள் எத்தனை? வீட்டிலிருந்து போனால் ஐந்து. எந்த வேகம் பிடிக்கும்? நீளமாக, சத்தமில்லாமல். ஆறு கியர் பெட்டி வேண்டாம். அதற்குக் காரின் தரையை வெட்டவேண்டும், கியர் மாற்றும் தடவைகளும் கூடும். ஐந்து கியர் போதும். முதலாம் கியர் நன்றாகத் தாழ்ந்தது, கிளச்சைத் தொட்டு விட்டாலே கார் நகரும். ஐந்தாம் கியரில் எஞ்சின் முணுமுணுக்கும். கிளச் இரட்டைத் தட்டு, எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்வது. தராசு வைத்துப் பார்த்தேன், இருபத்தெட்டு இறாத்தல். சப்பாத்து வழுக்காமல் பெடலின் ஓரத்தில் ஒரு சிறு விளிம்பு ஒட்டினேன். பாதத்தில் உணர்ச்சி இல்லையென்றபடியால், முழங்கால் ஒரே இடத்துக்கு வரும்போது கிளச் பிடிக்கும்படி வைத்தேன். ஓடலாம் என்று டொக்டரிடம் எழுத்தில் வாங்கி வாருங்கள் என்றேன், வாங்கி வந்தார். பந்தயப் பெட்டியைத் துடைத்து, திரும்பவும் துணியால் மூடிவைத்தேன்.

ஒன்பது நாளில் வேலை முடிந்தது. பிறகு மூன்று பின்னேரங்கள், ஒரு தொழிற்சாலையின் வெறும் கார்த்தரிப்பிடத்தில் பழகினோம். எஞ்சின் எத்தனை தரம் நின்றது என்று நான் எண்ணவில்லை. கியர் பற்கள் அரைபடும்போது என் கடைவாய்ப் பல் கூசும். வாயை மூடிக்கொண்டு இருந்தேன். என் மனைவி இதை நம்பவில்லை. மூன்றாம் நாள் இரண்டிலிருந்து மூன்றுக்கு வெண்ணெய் மாதிரிப் போட்டார். போட்டுவிட்டு என்னைப் பார்க்காமல் முன்னுக்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை வந்தது. மூன்று மணிக்கு வாங்குகிறவர் வரவேண்டும். "வாக்குக் குடுத்திட்டன் அண்ணை," என்றார் சிவபாலன். "அதுக்கு முதல் ரோட்டில ஒருக்கா ஓடிப் பாப்பம்." காலை பதினொரு மணிக்குப் புறப்பட்டோம். மார்க்கம் வரை சந்திக்குச் சந்தி நின்று எடுத்தார். ஒரு ஏற்றத்தில், சிவப்பு விளக்கில், பின்னால் ஒருவன் ஒட்டிக்கொண்டு நின்றான். நான் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டேன். பச்சை விழுந்தது. கார் ஒரு விரற்கடைகூடப் பின்னுக்குப் போகாமல் எழும்பிப் போனது.

அடுத்த பிளாசாவுக்குள் திருப்பி, கோப்பிக் கடை வாசலில் நிற்பாட்டினார்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. கொஞ்சம் இறங்குறியளே? தனிய ஒருக்கா இந்தச் சுத்து ஓடிப்போட்டு வாறன். அஞ்சு நிமிசம்."

இறங்கினேன். ஒரு கோப்பி வாங்கினேன். அது முடிந்தது. இன்னொன்று வாங்கினேன். காற்றுக் குளிர்ந்தது. அரை மணித்தியாலத்தில் எனக்குப் பயம் பிடித்தது. ஒரு மணித்தியாலத்தில் ஆசுப்பத்திரிகளை மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். அம்புலன்ஸ் சத்தம் எங்கேயாவது கேட்டால் வீதியோரம் வரை போய்ப் பார்த்தேன். ஒன்றரை மணித்தியாலம் கழித்துத் தொலைபேசி அடித்தது.

"அண்ணை, நீங்கள் எங்க நிக்கிறியள்?"

"இறக்கிவிட்ட இடத்தில."

"ஐயையோ! உங்களை மறந்தே போனன்."

"இப்ப நீங்கள் எங்க?"

"வடக்க, சிம்கோ ஏரியில. கரையில நிப்பாட்டிப்போட்டுத்தான் கதைக்கிறன்." மூச்சு வாங்கியது. அழுதாரா சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. "அஞ்சாம் கியரில வந்தனான் அண்ணை. சத்தமே இல்லை."

"வாங்கிற மனுசன் மூண்டு மணிக்கு வந்திடுவார்."

"வரட்டும். வந்தா மாலா தேத்தண்ணி குடுத்து அனுப்புவா. காரும் ஆளும் இல்லாமல் விக்கேலாதே." பிறகு அவசரமாக, "நீங்கள் அதிலயே நில்லுங்கோ, நான் வந்து ஏத்துறன்" என்றார்.

"வேண்டாம்," என்றேன். "நீங்கள் ஓடுங்கோ."

பஸ் வந்தது. இருக்க இடமில்லை. மில்லிக்கன் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.